டர்போவா, சூப்பர்சார்ஜரா? ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கணக்கு

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் ஒரே காரின் இரு பெயர்கள். 2012இல் விற்பனைக்கு வந்த இந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், சாலையை இறுகப் பற்றும் டயரும் வேண்டாம் என்று அதன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா முடிவு செய்திருந்தார். எடை சுமார் 1,240 கிலோ. 2 லிட்டர் பாக்ஸர் என்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறனும், 6,500 சுற்றை ஒட்டி 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. வளைவுகளில் கார் திரும்பும் விதத்தை எல்லோரும் பாராட்டினார்கள். நேர்சாலையில் வேகம் போதவில்லை என்றும் சொன்னார்கள். அந்தக் குறையைத் தீர்க்க ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் டர்போ கிட்டுகளையும் சூப்பர்சார்ஜர் கிட்டுகளையும் கொண்டுவந்தன. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது விளம்பரத்தில் உள்ள உச்சக் குதிரைத்திறனைத்தான். ஆனால், தேர்வுக்கு அந்த எண் மிகக் குறைவாகவே உதவும். சக்தி எந்தச் சுற்றில் எழுகிறது, அதை என்ஜினின் உட்பாகங்கள் தாங்குமா என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது. காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 2 லிட்டர் என்ஜின் 7,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 7,000 லிட்டர், எடையில் சுமார் 8 கிலோ காற்றை விழுங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று சுமார் 22 முதல் 24 குதிரைத்திறன் தரும் என்பது என்ஜின் கட்டுபவர்களின் வழக்கமான கணக்கு. அதன்படி பார்த்தாலும் இந்த என்ஜினுக்கு 200ஐ ஒட்டிய எண்தான் வருகிறது. அதற்கு மேல் போக மூன்று வழிகள்: என்ஜினைப் பெரிதாக்கலாம், இன்னும் வேகமாகச் சுழற்றலாம், அல்லது காற்றை அழுத்தி நெருக்கி அனுப்பலாம். டர்போவும் சூப்பர்சார்ஜரும் செய்வது மூன்றாவதை.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுவதும் இதே விதியால்தான். 27 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காக, அதாவது அரை பார் பூஸ்ட்டுக்கு, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் அழுத்தினால் வெப்பம் 80 டிகிரியை எட்டும். சூடான காற்று விரிவதால், அழுத்தம் 50 சதவீதம் கூடியும் அடர்த்தி 28 சதவீதமே கூடுகிறது. அதே காற்றை இன்டர்கூலர் வழியே செலுத்தி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அடர்த்தி 43 சதவீதத்துக்கு மேல் உயரும். ஒரே பூஸ்ட் எண் போட்ட இரண்டு கிட்டுகளில் ஒன்றில் நல்ல இன்டர்கூலர் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், அவை தரும் சக்தி ஒன்றாக இருக்காது. பூஸ்ட் என்பது அழுத்தத்தின் அளவு. சிலிண்டருக்குள் போய்ச் சேரும் காற்றின் எடை வேறு கணக்கு.

வெப்பத்தின் பெரிய ஆபத்து அடர்த்திக் குறைவைத் தாண்டியது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை தீப்பொறிக்குப் பின் சீராகப் பரவி எரிய வேண்டும். அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால், சுடர் வந்து சேரும் முன்பே மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். தொடர்ந்து நேர்ந்தால் பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையிலான விளிம்புகள் உடையும். டொயோட்டா 86இன் என்ஜினில் அழுத்த விகிதம் 12.5:1. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏற்கெனவே பன்னிரண்டரை மடங்கு நெருக்குகிறது; வெளியே ஒருமுறை நெருக்கிய காற்றை இதற்குள் அனுப்புவது கத்திமுனை வேலை. சுபாரு இதே குடும்பத்து 2 லிட்டர் என்ஜினில் தானே டர்போ வைத்து டபிள்யூஆர்எக்ஸ் காருக்குக் கொடுத்தபோது அழுத்த விகிதத்தை 10.6:1 ஆகக் குறைத்து, 268 குதிரைத்திறன் எடுத்தது. 2.4 லிட்டர் என்ஜின் வந்த பிறகும் அதே வேறுபாடு நீடிக்கிறது: பிஆர்இசட்டில் 12.5, டர்போ உள்ள டபிள்யூஆர்எக்ஸில் 10.6. தொழிற்சாலை பிஸ்டனையே மாற்றுகிறது. கிட் வாங்குபவர் பெரும்பாலும் பழைய பிஸ்டனோடுதான் ஓட்டப்போகிறார். ஆகவே அவருக்குப் பாதுகாப்பான பூஸ்ட் குறைவு.

இந்தச் சிக்கலுக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1962இல் ஜெட்ஃபயர் என்ற காரில் 3.5 லிட்டர் வி8 என்ஜினுக்கு டர்போ பொருத்தியது. அழுத்த விகிதத்தை 10.25:1 என்று உயரமாகவே வைத்துக்கொண்டு, நாக்கிங்கைத் தடுக்க மெத்தனாலும் நீரும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். அது வேலை செய்தது. ஆனால் தொட்டியை நிரப்ப உரிமையாளர்கள் மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் பாதுகாப்பு வால்வு பூஸ்ட்டைக் குறைக்க, கார் சோர்ந்துபோனது. இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பொறியியல் சரியாக இருந்தும், ஓட்டுபவர் அன்றாடம் செய்ய வேண்டிய பராமரிப்பைக் கணக்கில் எடுக்காததால் ஒரு நல்ல யோசனை தோற்றது. கிட் தேர்விலும் இதற்கு இடமுண்டு.

சூப்பர்சார்ஜர் கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து வரும் பெல்ட்டால் சுழல்கிறது. அதன் மிகப் பழைய வடிவம், இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவியிலிருந்து பிறந்தது. இன்று காரில் வரும் ஈட்டன் வகை அதன் வழித்தோன்றல். முறுக்கிய இதழ்கள் கொண்ட இரு ரோட்டர்கள் சுழன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளும். இரட்டைத் திருகு வகை காற்றைத் தனக்குள்ளேயே நெருக்கி அனுப்பும். இரண்டிலும், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே ஏறத்தாழ முழு பூஸ்ட்டும் கிடைத்துவிடும். 86க்கு இது மிகப் பொருத்தம். அதன் அசல் என்ஜினில் 3,500 முதல் 4,500 சுற்று வரை முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். நகரச் சாலையில் முந்திச் செல்ல ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கார் தயங்குவது அங்கேதான். ரூட்ஸ், இரட்டைத் திருகு வகைகள் அந்தப் பள்ளத்தை மேவிவிடுகின்றன. குறையும் உண்டு. கருவி பெரியது, என்ஜினின் உச்சியில் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கும். ரூட்ஸ் வகையின் திறன் உயர் அழுத்தத்தில் சரியும் என்பதால் காற்று கூடுதலாகச் சூடாகும். தொடர்ந்து பல சுற்றுகள் பந்தயத்தளத்தில் ஓட்டினால் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

மூன்றாவது வகை மையவிலக்கு சூப்பர்சார்ஜர். இதன் காற்றுப் பகுதி டர்போவுடையதைப் போலவே ஒரு சிறு விசிறிச் சக்கரம். அதைச் சுழற்றுவது பெல்ட்டும் வேகம் கூட்டும் அமைப்பும். டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் கருவிகளில் பற்சக்கரத்துக்குப் பதில் வழவழப்பான உருளைகள் தனி எண்ணெயின் பிடிப்பில் உருண்டு, சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை கொண்டுபோகும். மையவிலக்கு வகையில் பூஸ்ட் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 7,400 சுற்றில் 0.6 பார் தரும் கருவி, பாதி வேகத்தில் 0.15 பார்தான் தரும். எனவே அசல் பள்ளம் ஓரளவு அப்படியே நிற்கும். மேலே போகப் போக சக்தி வளர்ந்துகொண்டே இருக்கும். வேகமாகச் சுற்றவைத்து ஓட்டுவதில் மகிழ்பவர்களுக்கு, காரின் இயல்பு கெடாமல் பலம் மட்டும் கூடியதுபோல் இருக்கும். பந்தயத்தளத்துக்கு அடிக்கடி போகும் 86 உரிமையாளர்கள் பலர் இதை நாடுவதற்கு இன்னொரு காரணம் சூடு குறைவு.

சூப்பர்சார்ஜர் சுழல என்ஜின் தன் சக்தியிலிருந்து பங்கு கொடுக்க வேண்டும். மேலே பார்த்த அரை பார் கணக்கில், 7,000 சுற்றில் காற்றை அழுத்த மட்டுமே சுமார் 10 கிலோவாட், அதாவது 13 குதிரைத்திறன் செலவாகும். பெல்ட்டிலும் பேரிங்கிலும் போவது தனி. டர்போவுக்கு இந்தச் செலவே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. டர்போவைச் சுழற்றும் டர்பைன் எக்ஸாஸ்ட் வாயுவின் வழியில் குறுக்கே நிற்பதால், பிஸ்டன் வாயுவைக் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் வீணாகப் போகும் வெப்ப ஆற்றலின் ஒரு பகுதி மீட்கப்படுவதால், நிகரக் கணக்கில் டர்போ முந்துகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றதும் இந்த மீட்பின் பேரில்தான்.

டர்போ பூஸ்ட் உருவாகப் போதிய எக்ஸாஸ்ட் வாயு வேண்டும். அந்த அளவு வாயு கிடைக்காத குறைந்த சுற்றில் எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் அழுத்தினாலும் பயனில்லை. அந்தச் சுற்றைத் தாண்டிய பிறகும் சக்கரம் வேகமெடுக்க எடுக்கும் நேரம்தான் டர்போ தாமதம். சிறிய டர்போ சீக்கிரம் விழித்து, உயர் சுற்றில் மூச்சுத்திணறும். பெரியது இதற்கு நேர்மாறு. டர்போ தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் ஒரு வரைபடம் வெளியிடுகிறார்கள். கிடையச்சில் நிமிடத்துக்கான காற்றின் எடை, நிலையச்சில் கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே வரும் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம், நடுவே திறனைக் காட்டும் தீவு வடிவ வளையங்கள். இடப்பக்க எல்லையைத் தாண்டினால் காற்று பின்வாங்கித் துடிக்கும். வலப்பக்கம் தாண்டினால் வெறும் சூடுதான் மிஞ்சும். 280 குதிரைத்திறன் இலக்கு என்றால் நிமிடத்துக்கு சுமார் 12 முதல் 13 கிலோ காற்று. அந்தப் புள்ளி நடுத் தீவுக்கு அருகில் விழுகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. விற்பவர் வரைபடம் தர மறுத்தால் அந்தக் கிட்டை விட்டுவிடுவதே நல்லது.

இனி என்ஜினின் எலும்பு. 280 குதிரைத்திறனை 7,000 சுற்றில் எடுத்தால் முறுக்குவிசை 281 நியூட்டன் மீட்டர். அதே 280ஐ 5,500 சுற்றிலேயே எடுத்தால் 358 நியூட்டன் மீட்டர். விளம்பரத்தில் இரண்டும் ஒரே எண். ஆனால் இரண்டாவதில் ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக அடிக்கிறது. அந்த அடி கனெக்டிங் ராடில் இறங்குகிறது. 86இன் அசல் ராடுகள் மெல்லியவை. அவற்றை வளைப்பது பெரும்பாலும் குறைந்த சுற்றில் திடீரென எழும் முறுக்குவிசை. நடுச் சுற்றில் பாய்ந்தெழும் டர்போ இந்த வகையில் அதிக ஆபத்தானது. அதனால்தான் கவனமான டியூனர்கள் 4,000 சுற்றுக்குக் கீழே பூஸ்ட்டை வேண்டுமென்றே அடக்கிவைக்கிறார்கள். மையவிலக்கு சூப்பர்சார்ஜர் தன் இயல்பாலேயே ராடுகளிடம் இரக்கம் காட்டுகிறது. கிளட்ச்சும் கியர்பாக்ஸும்கூட உணர்வது இந்த முறுக்குவிசையைத்தான்.

எரிபொருள் ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானிய பங்க்குகளில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் ஆராய்ச்சி ஆக்டேன் அளவில் 100ஐ ஒட்டியது. கலிஃபோர்னியாவில் 91 என்று எழுதியிருப்பது வேறு அளவுமுறை; ஆராய்ச்சி ஆக்டேனில் அது 95, 96தான். ஜப்பானில் அளந்த சக்தியை அங்கே எதிர்பார்க்க முடியாது; தீப்பொறியைத் தாமதப்படுத்தி, பூஸ்ட்டைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ85 கிடைக்கும் இடங்களில் நிலைமை தலைகீழ். எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது, நாக்கிங்கை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருப்பதால் பம்பும் இன்ஜெக்டரும் பெரிதாக வேண்டும்.

முழுமையான கிட் என்றால் இன்டர்கூலர், தேவைப்படும் இன்ஜெக்டர்கள், குழாய்கள், பெல்ட், அந்த ஊர் எரிபொருளுக்கு எழுதிய கணினி நிரல் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். டர்போ கிட்டில் எண்ணெய் திரும்பும் வழியைத் தனியாகப் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து எண்ணெய் தானாக வடிந்து என்ஜினுக்குத் திரும்பும். டர்போ தாழ்வாக இருந்தால் உறிஞ்சும் பம்ப் தேவை. அது நின்றால் எண்ணெய் சீல்களைத் தாண்டிக் கசிந்து புகையாகும். பந்தயத்தளத்தில் ஓட்டுபவருக்கு எண்ணெய் கூலர் கட்டாயம். இந்த என்ஜின் டர்போ இல்லாமலேயே எண்ணெயை மிகவும் சூடாக்கும். கிட் விலையோடு இவற்றையும், சக்தியை அளக்கும் டைனோவில் நிரலைச் சரிபார்க்கும் கூலியையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சட்டமும் தேர்வைச் சுருக்கும். கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்றுவள வாரியம் சோதித்து விலக்கு எண் கொடுத்த கிட்டுகள் மட்டுமே சாலைக்குச் செல்லும். அந்த எண் புகைச் சோதனையின்போது சரிபார்க்கப்படும். டர்போ கிட்டுகள் எக்ஸாஸ்ட் அமைப்பில் கைவைப்பதால், வினையூக்கி மாற்றியின் இடமோ அது சூடேறும் வேகமோ மாறி, அனுமதி பெறுவது கடினமாகிறது. ஜெர்மனியில் தொழில்நுட்ப ஆய்வில் தேறி வாகன ஆவணத்தில் பதிய வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

பொருத்திய பின் ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக, இடைவெளி குறுகியதாக மாற்றப்படும். நெருக்கமான கலவையில் பொறி தாண்டுவது கடினம் என்பதே காரணம். முழு பூஸ்ட்டில் கலவை விகிதம் 11.5 முதல் 12 வரை, பெட்ரோல் சற்று மிகுந்ததாக இருக்க வேண்டும். இதைக் காட்டும் அகல்வீச்சு ஆக்ஸிஜன் சென்சாரும் பூஸ்ட் மீட்டரும் பொருத்திக்கொண்டால், பம்ப் தளர்ந்தாலோ குழாய் கழன்றாலோ பிஸ்டன் உருகும் முன் ஓட்டுநருக்குத் தெரியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் பெல்ட்டின் இறுக்கத்தையும், டர்போவாக இருந்தால் எக்ஸாஸ்ட் போல்ட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். சூடாகி ஆறியதில் இரண்டுமே தளரும்.