அடைமழையில் மாடித்தோட்டம்: வேருக்குக் காற்று கிடைத்தால் செடி பிழைக்கும்

ஆடிப்பட்டத்தில் விதைத்து, புரட்டாசி வரை செழிப்பாக நின்ற கத்தரியும் மிளகாயும் ஐப்பசி மழையில் பத்தே நாளில் மஞ்சளாகிச் சாய்ந்துவிடுவது உண்டு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. இங்கே குளிர் செடியைக் கொல்லும் அளவுக்கு இருக்காது. செடியைக் கொல்வது தொட்டியில் தேங்கும் நீர்.

ஈரம் இருந்தும் ஏன் வாடுகிறது?

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றுதான் அதற்கு ஆதாரம். தொடர் மழையில் அந்த இடைவெளியை நீர் அடைத்துக்கொள்கிறது. காற்று கிடைக்காத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈர மண்ணில் நிற்கும் செடியும் வெயிலில் காய்ந்ததுபோலத் துவளும். இதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றினால் வேரழுகல் பூஞ்சைகள் பெருகி, செடி மீளாது. வாடிய செடியைக் கண்டால் முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

* பைகளையும் தொட்டிகளையும் செங்கல் மீது ஏற்றி வையுங்கள். அடித்துளைகளில் வேரோ மண்ணோ அடைத்திருந்தால் குச்சியால் குத்தி விடவும்.
* கோடையில் கைகொடுக்கும் தென்னை நார்க்கழிவு மழையில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாகக் கலவை தயாரித்தால் அதன் அளவைக் குறைத்து, ஆற்றுமணலோ எம்-சாண்டோ சேருங்கள்.
* தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள். அவற்றில் தேங்கும் நல்ல நீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது.
* மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் இலைதழை அடைக்காமல் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. நனைந்த பைகளும் தேங்கிய நீரும் சேர்ந்தால் தளத்துக்குப் பாரம், ஒழுகலும் வரும்.
* புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டிகளை இறக்கி, கைப்பிடிச்சுவர் மேல் உள்ளவற்றைத் தரையில் சேர்த்து வையுங்கள். பந்தலின் நிழல்வலையைக் கழற்றிவிட்டால் பந்தல் தப்பிக்கும்.

வெளியில் எது, கூரைக்கு அடியில் எது?

கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேப்பங்கிழங்கு ஆகியவை ஈரத்தைத் தாங்கும். இவற்றை மழையில் விடலாம். ஆடியில் ஊன்றிய அவரை, பகல் குறையும் இந்த நாட்களில்தான் பூக்கும். அதற்கு வடிகால் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றைச் சன்ஷேடு ஓரத்துக்கு நகர்த்துங்கள். நாற்றுத் தட்டுகள் கட்டாயம் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். நாற்றழுகலைத் தடுக்க, விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது வழக்கம். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும். அரைக்கீரை, சிறுகீரை போன்ற பொடி விதைகளை அடைமழையில் தூவினால் அடித்துக்கொண்டு போய்விடும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றை மழை ஓய்ந்து மண் பொலபொலப்பான பிறகு விதைக்கலாம்.

பூசணிக்குக் காலையில் பூ விரியும் நேரத்தில் மழை பெய்தால் தேனீ வராது, பிஞ்சு வெம்பி உதிரும். மழை விட்டதும் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தம் பெண் பூவின் நடுவில் படும்படி ஒற்றி எடுங்கள். சுரைக்கு மாலையில் பூ விரியும் என்பதால் இதே வேலையை அந்தி நேரத்தில் செய்ய வேண்டும்.

உரமும் நத்தையும்

மழைநீர் தழைச்சத்தைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அடி இலைகள் வெளிறுவது அதன் அறிகுறி. மொத்தமாக உரம் போட்டால் அடுத்த மழையில் அதுவும் போகும். மழை இடைவெளி விடும்போது செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மேல்மண்ணைக் கிளறி விடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து, இலை காய்ந்திருக்கும் மாலையில் தெளிக்கலாம்.

நத்தைகளுக்கு, இரவில் ஈரச் சாக்கை விரித்து வைத்து, விடிந்ததும் அதில் ஒதுங்கியவற்றை உப்பு நீரில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவக் கூடாது. நத்தை ஊர்ந்த கீரை வழியாக நோய்க் கிருமிகள் பரவக்கூடும் என்பதால் கையுறை அணிந்து எடுங்கள். கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

வீட்டுக்குள்

வெளியில் கீரை விதைக்க முடியாத வாரங்களில் சமையலறை ஜன்னலோரம் கைகொடுக்கும். துளையிட்ட தட்டில் இரண்டு அங்குலம் மண் நிரப்பி, ஓர் இரவு ஊறவைத்த வெந்தயத்தைத் தூவினால் பத்து நாளில் இளங்கீரை வெட்டலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முளைக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

மேகமூட்டத்தில் வெளிச்சம் குறைவதால் மணிபிளான்ட் போன்ற அழகுச் செடிகளும் குறைவாகவே நீர் குடிக்கும். கோடையில் ஊற்றிய கணக்கில் ஊற்றாமல், மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். தொட்டியைச் சுற்றிச் சிறு ஈக்கள் பறந்தால், மண் தேவைக்கு அதிகமாக நனைந்திருக்கிறது என்று பொருள்.

தை பிறக்கும்போது வெயிலும் திரும்பும். அதுவரை வேரைக் காப்பாற்றினால் மிளகாயும் கத்தரியும் புதுத் துளிர் விடும். அவற்றுக்கு மாசி, பங்குனி வரை காய்க்கத் தெம்பு இருக்கும்.