கொலையாளி யார்? ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் பதில்

1997ல் வெளியான 'பிளேடு ரன்னர்' வீடியோ கேம், துப்பறியும் கதையின் அடிப்படை விதியையே கலைத்துப் போட்டது. பிறகு அந்த விளையாட்டே காணாமல் போகும் நிலைக்கு வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ், 2019 நவம்பர். இடைவிடாத மழை. ரன்சிட்டர் என்பவரின் பிராணிகள் கடையில் யாரோ புகுந்து மிருகங்களைக் கொன்று குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிஜப் பிராணிகள் அநேகமாக அழிந்து, செயற்கை ஆந்தையும் செயற்கைப் பாம்பும் விலைபோகும் உலகம் அது. அங்கே இது மனிதக் கொலைக்குச் சற்றும் குறையாத குற்றம். விசாரிக்க வருகிறார் ரே மெக்காய். அனுபவம் போதாத, கொஞ்சம் அவசரக்காரரான போலீஸ்காரர். சீக்கிரமே மனிதப் பிணங்களும் விழத் தொடங்குகின்றன.

மெக்காயாக ஆடுபவர் கடையைச் சோதிக்கிறார், தடயங்களைப் பொறுக்குகிறார், ஆட்களை விசாரிக்கிறார். இதுவரை எல்லாம் வழக்கமான துப்பறியும் கதைதான். வழக்கத்துக்கு மாறான காரியம் ஒன்று அவருக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கிறது. 'புதிய ஆட்டம்' என்ற பொத்தானை அழுத்திய கணத்தில், சந்தேகத்துக்கு உரியவர்களில் யார் மனிதர், யார் 'ரெப்ளிகண்ட்' எனப்படும் செயற்கை மனிதர் என்று கம்ப்யூட்டர் ரகசியமாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறது. கும்பலின் தலைவன் கிளோவிஸ் போன்ற சிலர் எப்போதும் ரெப்ளிகண்ட்தான். ஆனால் பிராணிகள் கடையில் வேலை பார்க்கும் சிறுமி லூசி? இரவு விடுதியில் ஆடும் டெக்டோரா? நேற்று மனுஷியாக இருந்தவள் இன்றைய ஆட்டத்தில் இயந்திரக் கம்பெனியின் தயாரிப்பாக இருக்கலாம். ஆடி முடித்த நண்பரிடம் விடை கேட்டுப் பயனில்லை. அவர் சொல்வது அவருடைய ஆட்டத்தின் விடை.

மூலம் தெரிந்ததுதான். 1968ல் பிலிப் கே. டிக் எழுதிய நாவல், அதைத் தழுவி ரிட்லி ஸ்காட் 1982ல் எடுத்த படம். படம் வந்தபோது வசூலில் சுமார். பெருமை எல்லாம் பிற்பாடு வந்தது. விளையாட்டைத் தயாரித்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் லாஸ் வேகாஸ் கம்பெனி. 'டூன் 2', 'கமாண்ட் அண்ட் காங்கர்' என்ற யுத்த விளையாட்டுகளால் பெயர் வாங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான லூயிஸ் காசில் இந்த வேலையை முன்னின்று நடத்தினார். படத்தின் கதையையே திரும்பச் சொல்லாமல், அதே நாட்களில், அதே ஊரில் நடக்கும் இன்னொரு வழக்கை எடுத்துக்கொண்டார்கள். ஹாரிசன் ஃபோர்டு இல்லாத குறை இதனால் பெரிதாகத் தெரியவில்லை. ஷான் யங், ஜேம்ஸ் ஹாங், வில்லியம் சாண்டர்சன் உள்ளிட்ட படத்தின் நடிகர்கள் சிலர் தங்கள் பாத்திரங்களுக்கே குரல் கொடுத்தார்கள். வாஞ்செலிஸின் இசையை, இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கி காதால் கேட்டே மறுபடி உருவாக்கினார். நான்கு சி.டி.க்களை நிரப்பியது விளையாட்டு.

கொலையாளியை மாற்றிப் போடும் யோசனை அதற்கு முன்பும் இருந்தது. 1983ல் வந்த 'மர்டர் ஆன் த ஜிண்டர்நோஃப்' என்ற விளையாட்டில், ஆகாயக் கப்பலில் நடக்கும் கொலைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குற்றவாளி. அது சதுரங்கம் போல மூளைக்கு வேலை. ஆள் மாறினாலும் ஆடுபவர் செய்யப்போவது ஒன்றுதான்: பிடித்துக் கொடுப்பது. வெஸ்ட்வுட் இதில் ஒரு துப்பாக்கியைச் சேர்த்தது. ரெப்ளிகண்ட் என்று தெரிந்தால் சுட்டுக் கொல்வதே மெக்காயின் வேலை. சட்டத்தின் பாஷையில் அதற்குப் பெயர் 'ஓய்வு கொடுத்தல்'. சர்க்கார் மொழி எந்த நூற்றாண்டிலும் மாறாது போலிருக்கிறது.

ஆரம்பத்திலேயே சோதனை வருகிறது. நூடுல்ஸ் கடைச் சமையல்காரன் ஸூபன் விசாரணையின் நடுவே ஓட்டம் எடுக்கிறான். சந்துகளில் துரத்திப் பிடிக்கிறீர்கள். சுடலாம், விட்டும்விடலாம். 'சரியா, தவறா?' என்று கேட்கும் பெட்டி எதுவும் திரையில் தோன்றாது. செய்ததைக் குறித்து வைத்துக்கொண்டு, கதை அதற்கேற்ற பாதையில் போகிறது. முடிவுகள் மட்டும் பத்துக்கு மேல்.

ஆளை அடையாளம் காண படத்தில் வரும் அதே வாய்ட்-காம்ஃப் இயந்திரம் உண்டு. எதிராளியிடம் சங்கடமான கேள்விகளைக் கேட்டு உணர்ச்சியை அளக்கும் கருவி. மென்மையான கேள்வி, நடுத்தரம், கடுமை என மூன்று ரகம். மென்மையாகவே கேட்டால் முள் அசையாது. கடுமையாகவே கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார். ஒருவர் மனிதரா என்பதைத் தீர்மானிக்கும் பரீட்சையில், கேட்பவரின் சாமர்த்தியமும் மதிப்பெண்ணில் சேர்கிறது. பரீட்சை தவறினால் அதற்கான விலையைக் கொடுப்பவர் மெக்காய் அல்ல.

போதாக்குறைக்குக் கடிகாரமும் ஓடுகிறது. மற்றவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. சேகரித்த தடயங்களை நீங்கள் போலீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினால், சக அதிகாரி கிரிஸ்டல் ஸ்டீலும் அவற்றைப் பார்ப்பாள். அவளுக்குத் தயக்கம் என்ற வியாதி கிடையாது. உரையாடலிலும் ஒரு புதுமை. வரிக்கு வரி பதிலைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. மரியாதையாக, சாதாரணமாக, முறைப்பாக என்று மெக்காயின் சுபாவத்தைத் தீர்மானித்துவிட்டால் மீதியை அவரே பேசிக்கொள்வார். சில சமயம் நாம் விரும்பாததையும்.

குறைகள் இல்லாமல் இல்லை. துப்பாக்கிச் சண்டைகள் தட்டுத் தடுமாறுகின்றன. சீட்டுக் குலுக்கலில் ஆட்கள் மாறும் அளவுக்குத் தடயங்கள் மாறுவதில்லை. மூன்றாம் தடவை ஆடுபவருக்கு அடுத்து என்ன கிடைக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். அன்று மற்ற கம்பெனிகள் முப்பரிமாணப் படங்களுக்கான விசேஷக் கார்டுகளை நம்பத் தொடங்கியிருந்தபோது, வெஸ்ட்வுட் 'வாக்ஸெல்' எனப்படும் சிறு சிறு கனப்புள்ளிகளால் மனித உருவங்களை வடித்தது. கார்டு தேவைப்படவில்லை. தூரத்தில் அற்புதம், கிட்டே வந்தால் ஜவ்வரிசிப் பொம்மை. ஆனால் பின்னணியில் மழையும் புகையும் நியான் வெளிச்சமும் இன்றும் கண்ணை நிறைக்கின்றன.

மெக்காயே மனிதர்தானா என்ற சந்தேகத்தையும் விளையாட்டு நடுவில் கிளப்பிவிடுகிறது. அதன் பிறகு, முன்பு கூசாமல் சுட்டவர்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வரத்தான் செய்கின்றன. இந்த விளையாட்டின் நிஜமான சாதனை இந்த இடம்தான். 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு நிலையான விடை இல்லாதபோது, 'நீ என்ன செய்தாய்?' என்பது மட்டும் மிஞ்சுகிறது.

1998ல் வெஸ்ட்வுட்டை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2003ல் லாஸ் வேகாஸ் அலுவலகம் மூடப்பட்டு, சாமான்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போயின. அந்த இடமாற்றத்தில் 'பிளேடு ரன்னரின்' மூலப் புரோகிராம் தொலைந்துபோனது. விண்டோஸ் மாற மாற, பழைய சி.டி.க்களை ஓட்டுவதே பெரும்பாடாயிற்று. திருத்தி வெளியிடவும் வழியில்லை; திருத்துவதற்கு மூலம் இல்லை.

மீட்டவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பழைய விளையாட்டுகளைப் புதிய கம்ப்யூட்டர்களில் ஓடவைக்கும் 'ஸ்கம்வி.எம்.' திட்டத்தைச் சேர்ந்த புரோகிராமர்கள், சி.டி.யில் இருந்ததைப் பல வருஷங்கள் பிரித்துப் பிரித்துப் படித்து, அதன் இயக்கத்தை மறுபடி எழுதினார்கள். வேலை முடிந்தது, கதை நடக்கும் அதே 2019ல். அந்த டிசம்பரில் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

2022 ஜூனில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் 'மேம்படுத்தப்பட்ட பதிப்பு' ஒன்றை வெளியிட்டது. அவர்களுக்கும் மூலப் புரோகிராம் கிடைக்கவில்லை. உருவங்களை வழவழப்பாக்கப் போய் மழையின் அழகும் இருட்டின் ஆழமும் கெட்டுப்போயின என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கடையில் பழைய பதிப்பு தனியாகக் கிடைக்காமல் போனது கோபத்தை இன்னும் கிளறியது. சில நாட்களில் பழையதைத் தனியாகவே மறுபடி விற்பனைக்கு வைத்தார்கள், ஜவ்வரிசி முகங்களோடு.