மரத்துண்டுகளால் பூத்த மேசை



பிரிட்டனின் பழைய மாளிகைகள் சிலவற்றில் ஒரு வகை எழுது மேசையைக் காணலாம். கால்கள் வளைந்திருக்கும். மூலைகளில் பொன்முலாம் பூசிய வெண்கலப் பூண்கள் மின்னும். பக்கங்களில் ரோஜாவும் கொடியும் படர்ந்திருக்கும். சாயத்தால் தீட்டியவை என்றே தோன்றும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஒவ்வோர் இதழும் தனித்தனி மரத்துண்டு என்று!

இது பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்துப் பாணி. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793, 1794ஆம் ஆண்டுகளில், வெர்சாய் அரண்மனைப் பொருள்கள் ஏலத்தில் போயின. பிரிட்டிஷ் செல்வர்களுக்குப் பிரெஞ்சுச் சாமான்கள்மீது மோகம் பிறந்தது. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கப் பழையவை போதவில்லை. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் தச்சர்களே அவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். எட்வர்டு ஹோம்ஸ் பால்டாக் என்ற வணிகர் பழையதை விற்றார், மாற்றியமைத்தார், புதியதும் செய்வித்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சூடுபோட்டுப் பதித்த சாமான்கள் இன்றும் உள்ளன.

சரி, பூவை எப்படிச் செய்தார்கள்? கருநிற மரத்தையும் வெளிர்நிற மரத்தையும் மெல்லிய தகடுகளாக அறுத்து அடுக்குவார்கள். மேலே படம் வரைந்த தாளை ஒட்டி, நூல் போன்ற வாளால் எல்லாவற்றையும் சேர்த்தே அறுப்பார்கள். ஒரே அறுப்பு என்பதால், வெளிர்நிற இதழ் கருநிறத் துளையில் கச்சிதமாகப் பொருந்தும். இதழின் ஓரத்தைச் சுடுமணலில் செருகினால் அது சற்றே கருகும். அதுவே பூவின் நிழல். பின்பு சூடான வச்சிரப் பசையால் மேசையில் ஒட்டுவார்கள். இவ்வகை வேலைக்காகக் கருங்காலியும், இலங்கையின் முதிரையும், பிரேசில் நாட்டு மரங்களும் கப்பலேறி வந்தன.

பொன்முலாம் பூசுவதோ ஆபத்தான வேலை. பொன்னைப் பாதரசத்தோடு குழைத்து வெண்கலத்தில் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், பொன் தங்கிவிடும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்கோ கை நடுங்கும், உடல் நலியும். பர்மிங்காம் நகரின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு 1840இல் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் பாதரச முறை படிப்படியாகக் குறைந்தது.

நேயர்களே, விற்றவரின் எழுத்து மரத்தில் நிலைத்தது. வாள் இழுத்தவர், மணலில் விரல் சுட்டவர், நச்சுக்காற்றைக் குடித்தவர் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஆயினும், அந்த ரோஜா இதழின் நிழலில் அவர்களுடைய கைத்திறன் இன்றும் வாடாமல் இருக்கிறது.