பௌதிகமும் வேண்டும், அரசியலும் வேண்டும்

ஏப்ரல், மே மாதங்களில் தலைநகரில் நம்மவர் இருவர் சந்தித்தால், பேச்சு வெயிலில் தொடங்கிக் கல்லூரியில் வந்து நிற்கும். பையன் இன்ஜினீயரிங் என்றால் கேட்பவர் முகம் மலரும். பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் என்றால், "அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம்?" என்பார். பி.ஏ. பொலிடிகல் சயின்ஸ் என்றால், "ஓஹோ, ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறானாக்கும்" என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அடியேன் பட்டதாரி அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த இரண்டு பாடங்களும் படிக்கத் தக்கவை, சேர்த்துப் படித்தால் இன்னும் நல்லது.

ஓர் உதாரணம். ரயில் பாதை வளையும் இடத்தில் வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்போம். இதற்குக் 'கேன்ட்' என்று பெயர். எவ்வளவு உயரம் என்பதைப் பௌதிகம் சொல்லிவிடும். வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம்; வளைவின் ஆரத்துக்கு எதிர்விகிதம். அகலப் பாதையில் 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸுக்குச் சுமார் 157 மி.மீ. உயரம் வேண்டும். அதே வளைவில் 60 கி.மீ. வேகத்தில் வரும் கூட்ஸுக்குச் சுமார் 57 மி.மீ. போதும்.

ஆனால் தண்டவாளம் ஒன்றுதானே! உயரம் கூடினால் கூட்ஸின் பாரம் உட்புறத் தண்டவாளத்தில் இறங்கி அதைத் தேய்க்கும். குறைந்தால் எக்ஸ்பிரஸ் வெளிப்புறத்தை நெருக்கும்; பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். பற்றாக்குறையும் மிகையும் பொதுவாக 75 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆகவே இந்த வளைவில் ஏறக்குறைய 83-க்கும் 131-க்கும் இடையே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த எண்? பயணிகளின் சௌகரியமா, சரக்கின் வருமானமா, தண்டவாளத்தின் ஆயுளா? இந்த இடத்தில் பௌதிகம் எல்லையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பொதுவான ஒன்றில் யாருக்கு எவ்வளவு, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அரசியல் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பி.எஸ்ஸி. முதல் ஆண்டுப் பௌதிகத்தில் புதிதாக வருவது சூத்திரங்கள் மட்டுமல்ல. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஊசலை ஆட்டி, நேரத்தைக் குறித்து, அந்த எண்ணைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்றும் எழுத வேண்டும். தான் சொல்வதில் எவ்வளவு நிச்சயம் என்று சேர்த்துச் சொல்லும் இந்தப் பழக்கம், எந்த உத்தியோகத்துக்குப் போனாலும் உதவும்.

அரசியல் பாடமோ கட்சிப் பேச்சு அல்ல. சுதந்திரம், சமத்துவம், நீதி ஆகிய கருத்துகள், அரசியல் சட்டம், பிற நாடுகளின் ஆட்சி முறைகள் என்று அது விரியும். எங்கள் இலாகாவையே பாருங்கள். ரயில்வே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ரயில்வே போலீஸோ மாநிலப் பட்டியலில். ஸ்டேஷனில் பெட்டி களவு போனால் எந்த வாசலுக்கு ஓடுவது என்பதில் தொடங்குகிறது அரசியல் சட்டம்! கல்வி 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. நுழைவுத் தேர்வுகள் பற்றிய இன்றைய சர்ச்சைகள் பலவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தருவது 19-ஆவது ஷரத்து. மொழிச் சிறுபான்மையினர் பள்ளிகள் நடத்தும் உரிமை 30-ஆவது ஷரத்தில் இருக்கிறது. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்பது 1956-இல் சேர்ந்த 350-ஏ. மொழிச் சிறுபான்மையை மாநில வாரியாகவே கணக்கிட வேண்டும் என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தில்லியிலும் மும்பையிலும் தமிழ்ப் பள்ளிகள் நிற்பதற்கு நம் முன்னோரின் உழைப்பு ஒரு தூண் என்றால், இந்த ஷரத்துகள் இன்னொரு தூண். நம் பிள்ளைகளில் சிலராவது இவற்றை முறையாகப் படிக்காவிட்டால், நாளை நமக்காக மனு எழுத யார் இருப்பார்கள்?

எங்கள் காலனியில் ஒரு பெண். கணக்கிலும் பௌதிகத்திலும் கெட்டி. பேப்பரைத் தலையங்கம் விடாமல் படிப்பவள். அப்பா இன்ஜினீயரிங்கைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. "மாமா, ரெண்டையும் படிக்க வழியே இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள். வழி இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நடப்பிலுள்ள நான்காண்டுத் திட்டத்தில், பிஸிக்ஸ் ஆனர்ஸ் மாணவர் வேறு துறையிலிருந்து ஜெனரிக் எலக்டிவ் என்ற பாடத்தை எடுத்துப் படிக்கலாம். அந்தப் பெண் அப்படித்தான் பிஸிக்ஸில் சேர்ந்து, அரசியல் பாடத்தையும் எடுத்தாள். அப்பாவின் மனம் முழுதாக ஆறவில்லை. ஆனால் மகள் கொண்டுவரும் புத்தகங்களை இப்போது அவரும் புரட்டுகிறார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. பிளஸ் டூவில் சயின்ஸ் படித்தவர் பி.ஏ. பொலிடிகல் சயின்ஸ் ஆனர்ஸுக்குப் போக முடியும். ஆனால் பௌதிகமும் கணக்கும் இல்லாமல் பிளஸ் டூ முடித்தவர் பிஸிக்ஸ் ஆனர்ஸுக்கு வர முடியாது. இது ஒருவழிப் பாதை. ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததும், மனம் ஒரு நிலைக்கு வராத பிள்ளை கணக்கைக் கைவிடாமல் இருப்பது நல்லது.

2022-இல் தொடங்கிய சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். தமிழையே மொழிப் பாடமாகவும் எடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்த பிள்ளைகள் இந்தச் சலுகையை விட்டுவிடக் கூடாது. கல்லூரியில் சேரும் முன், விரும்பும் எலக்டிவ் அந்தக் கல்லூரியில் உண்டா, இடங்கள் எத்தனை என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். திட்டத்தில் இருப்பதெல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை.

வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும், வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசியல் பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். பௌதிகத்துக்கு மட்டும் ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு நேரில் போக வேண்டும்.

அடுத்த முறை யாராவது தம் மகள் பொலிடிகல் சயின்ஸ் படிக்கிறாள் என்றால், "அப்புறம்?" என்று கேட்காமல், "இந்த வாரம் என்ன பாடம் நடந்தது?" என்று கேளுங்கள். அந்தக் குழந்தைக்கு உற்சாகம் பிறக்கும். நமக்கும் நாலு விஷயம் தெரிய வரும்.