சுல்தானுக்கு இரண்டு நேர ஊசி

சுல்தானின் மண்தட்டில் எறும்பு மொய்த்திருப்பதைக் கண்டு, மீன் துண்டு ஏதோ கிடக்கிறது என்று உம்மா நினைத்தார். கிளறிப் பார்த்தால் மீனும் இல்லை, முள்ளும் இல்லை. ஈரமான மணல் மட்டும்தான். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்தே பழைய காலத்து வைத்தியர்கள் நீரிழிவை அறிந்தார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆனால், அது எங்கள் வீட்டுப் பூனைக்கும் பொருந்தும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

வாகரையில் வாப்பாவின் மீன்வாடியோடு ஒட்டியதுதான் எங்கள் வீடு. இங்கு வேலை பார்த்து மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் கொண்டுபோக வழியில்லாமல் விட்டுச்சென்ற கடுவன் பூனை சுல்தான். எங்களிடம் வந்தபோது அதற்கு எட்டு வயதிருக்கும். விதை நீக்கியது, நன்றாகக் கொழுத்தது. மீன்குழம்பு பிசைந்த சோறும் பிஸ்கட்டும் தின்று பழகியது. நாங்களும் அதையே கொடுத்தோம்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில்தான் மாற்றம் தெரிந்தது. வாளித் தண்ணீரைக்கூடக் குடித்தது. முன்பைவிடக் கூடுதலாகத் தின்றது. ஆனாலும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பிறகு பின்னங்கால்களை விரல்களில் ஊன்றாமல், குதிக்கால் நிலத்தில் படும்படி பதிந்து நடக்கத் தொடங்கியது. வாடிக்கு வரும் ஒருவர், "இது கிழடு தட்டிப் போச்சு" என்றார். அது கிழடு அல்ல, நீரிழிவு முற்றிக் கால் நரம்புகளைப் பாதித்ததன் அடையாளம் என்று பிறகுதான் அறிந்தோம்.

பிரம்புக் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இரத்தத்தில் சீனி மிகக் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. பூனை பயந்தாலே அதன் இரத்தச் சீனி ஏறிவிடும். பஸ்ஸில் கத்திக்கொண்டே வந்த பூனைக்குக் கேட்கவா வேண்டும்! இரண்டு மூன்று கிழமைகளின் சராசரியைக் காட்டும் புருக்டோசமின் என்றொரு பரிசோதனை இருக்கிறது. எங்களுக்கு அவர் சொன்னது எளிய வழி. மண்ணுக்குப் பதிலாகக் கழுவிய சிறு கூழாங்கற்களைத் தட்டில் பரப்பி, அடியில் தேங்கும் சிறுநீரில் வீட்டிலேயே சோதனைப் பட்டியைத் தோய்த்துப் பார்க்க வேண்டும். மூன்று நாளும் பட்டி கடும் நிறம் காட்டியது. சந்தேகம் தீர்ந்தது.

பூனைக்கு வருவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் வகையைப் போன்றதே. சதையி இன்சுலினைச் சுரக்கிறது. உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சதையியும் நாளடைவில் களைத்துப் போகிறது. உடற்பருமன், முதுமை, கடுவனாக இருப்பது, சோம்பிக் கிடப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். பூனை இறைச்சி தின்னப் பிறந்த பிராணி, சோற்றின் காபோவைதரேற்று அதற்குத் தேவையே இல்லை. இனிப்பை உணரும் சுவைமொட்டுகூடப் பூனைக்கு வேலை செய்வதில்லை. சுல்தான் பிஸ்கட்டுக்கு அலைந்தது அதிலுள்ள கொழுப்புக்காகத்தான் இருக்க வேண்டும்.

"வாப்பாட மருந்துல கொஞ்சம் போட்டா என்ன புள்ள?" என்று உம்மா கேட்டார். வாப்பாவுக்கு ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். பிரிஜ்ஜில் எப்போதும் இன்சுலின் இருக்கும். மிருக வைத்தியர் கையெடுத்து மறுத்தார். வாப்பாவுடையது கலப்பு இன்சுலின். பூனைக்கு அவர் எழுதித் தந்தது கிளார்ஜின். அதுவும் மனிதருக்குக் கொடுப்பதுதான், ஆனால் மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்வது. மிருகங்களுக்கென விற்கும் இன்சுலின்களில் ஒன்று பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டு உம்மா தயங்கினார். கிளார்ஜின் பற்றீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படுவது என்று அறிந்ததும் அந்தக் கேள்வி எழவில்லை.

தொடக்க அளவு காலை ஒரு அலகு, மாலை ஒரு அலகு. இது சுல்தானுக்குச் சொன்ன அளவு. வேறொரு பூனைக்கு அதன் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சிரிஞ்சிலும் கவனம் வேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட இன்சுலினுக்கு 100 அலகுச் சிரிஞ்சே வேண்டும். 40 அலகுச் சிரிஞ்சால் எடுத்தால், ஒன்று என்று நினைத்து இரண்டரை அலகு ஏற்றிவிடுவோம். சிறிய உடம்புக்கு அது சின்னப் பிழை அல்ல.

ஊசி போடுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அடியில் சாய்வாகக் குத்தினால் போதும். ஊசி மயிர் போன்றது. சுல்தான் தின்றுகொண்டே இருக்கும். சீனி பார்க்கத்தான் பொறுமை வேண்டும். சூடான சோற்றைத் துணியில் முடிந்து, நம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, காதோரம் ஒத்தடம் கொடுத்தால் இரத்தம் இலகுவாக வரும். மனிதருக்கான கருவி பூனையின் சீனியைச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

சோற்றை நிறுத்தினோம். ஆனால் அதை வைத்தியரிடம் சொல்லிவிட்டே நிறுத்தினோம். உணவில் மாவுப்பொருள் குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் சீனி இறங்கிவிடும். அவித்த கோழி, கொஞ்சம் ஈரல், முட்டை, முள் நீக்கி அவித்த மீன். பச்சை மீனை மட்டுமே தின்னும் பூனைக்கு விற்றமின் பீ1 குறைந்துவிடும். பூனைக்கு அவசியமான டோரின் என்ற பொருள் அவிக்கும்போது தண்ணீரில் கரைந்து போகும், அதனால் அவித்த தண்ணீரையும் கொட்டாமல் ஊற்றினோம். மட்டக்களப்புக்குப் போகிற நாளில் ரின் உணவும் வாங்குவோம். விலையைப் பார்த்து வாப்பா பெருமூச்சு விடுவார்.

இனி நடந்த பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு மாலை நேரம், வாடியில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சுல்தான் கோப்பையை மோந்துவிட்டு நகர்ந்தது. பிறகு தின்னும் என்று நினைத்து, மணி ஆறானதும் முழு அளவையும் போட்டுவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அது சுவரில் மோதி மோதி நடந்தது. பிறகு படுத்து நடுங்கியது. கருவி 38 என்றது. உம்மா தேன் போத்தலைத் திறந்தார். வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும் என்பதால் விரலால் முரசில் தேய்த்தோம். பத்து நிமிடத்தில் தலையைத் தூக்கியது. அவித்த கோழியைக் கையால் ஊட்டினேன். விடியும்வரை மணிக்கொரு தடவை காதில் குத்திப் பார்த்தோம். காலையில் வைத்தியர் அளவை அரை அலகாகக் குறைத்தார். சீனி கூடுதலாக இருக்கும் பூனை நாட்கணக்கில் மெலியும், இறங்கிப்போன பூனை ஒரே இரவில் செத்துவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோப்பையைப் பார்க்காமல் யாரும் ஊசியைத் தொடுவதில்லை. தின்னாவிட்டால் முதலில் வைத்தியருக்கு ஒரு கோல். தின்னாமல் வாந்தியும் எடுத்துச் சோர்ந்து கிடந்தால் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

வெயிலும் மின்வெட்டும் எங்கள் ஊரின் சொந்தக்காரர்கள். கரண்ட் போனால் இன்சுலினை பிளாஸ்க்கில் வைப்போம். ஐஸ் நேரே படாமல் துணி சுற்றுவோம். உறைந்தால் மருந்து கெட்டுவிடும். தெளிந்த நீர்போல் இருக்க வேண்டிய கிளார்ஜின் கலங்கித் தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டும். வாப்பாவின் மருந்து மேல்தட்டில், சுல்தானுடையது சிவப்பு ரப்பர் போட்ட பெட்டியில் கீழ்த்தட்டில். இரண்டும் ஒருபோதும் அடுத்தடுத்து இருக்காது.

காலத்தோடு வைத்தியம் தொடங்கிய சில பூனைகளுக்குப் பிறகு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டாம். சுல்தானுக்கு அப்படி நடக்கவில்லை. பூனைகளுக்கு வாயால் கொடுக்கும் மருந்தொன்றை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. ஆனால் ஏற்கனவே இன்சுலின் ஏற்றும் பூனைக்கு அது உகந்ததல்ல. எனினும் நான்காம் மாதத்தில் சுல்தான் மறுபடி விரல்களில் ஊன்றி நடந்தது. ஒருநாள் வாடிக் கூரையில் நின்று எங்களைப் பார்த்தது.

உயர்தர வகுப்புத் தொடங்கியதும் நான் ஓட்டமாவடியில் மூத்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பொறுப்பு வாப்பாவிடம் போனது. எனக்கு உள்ளூரப் பயம். மீன் ஏலம் என்று சொல்லித் தன் ஊசியையே பாதி நாள் மறக்கிறவர் அவர். நோன்பு காலத்தில் எப்படி என்று கேட்டேன். "ஆறு மணிக்கு அவனுக்குப் போட்டுட்டுத்தானே நான் நோன்பு திறக்கப் போறன்" என்றார்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது சுல்தானின் கொப்பியைப் புரட்டினேன். நேரம், தின்ற அளவு, குடித்த தண்ணீர், ஊசி அளவு எல்லாம் வாப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒருநாளும் விடுபடாமல் இருந்தன. ஓரத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து இன்னொரு நிரல் போட்டிருந்தார். அதில் நாள்தோறும் இரண்டு தடவை 14 என்று எழுதியிருந்தது. அது வாப்பாவின் அளவு.