மூலம்தானே என்று விடலாமா?

மலத்தில் ரத்தம் கண்டால், ‘மூலம், உடற்சூடு’ என்று கைவைத்தியத்தோடு விட்டுவிடுவது கிராமங்களில் வழக்கம். அது பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 2022-ல் உலகில் 19 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. மேலை நாடுகளைவிட இந்தியாவில் பாதிப்பு குறைவுதான், ஆனால், கூடிவருகிறது. இங்கே பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள்.

குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனும் சிறு சதைவளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாற 10 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்தால் அகற்றிவிடலாம். மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

கம்பு, கேழ்வரகு, பயறு, கீரையில் உள்ள நார்ச்சத்து குடலுக்கு நல்லது. விளைந்ததை எல்லாம் விற்றுவிடாமல், வீட்டுக்கும் ஒரு மூட்டை எடுத்துவையுங்கள். புகையிலையும் மதுவும் வேண்டாம்.