தாத்தா கல்லறைக்கு டைல்ஸ் ஒட்டும் முன்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி என்று தென்கோடித் தேரிக்காட்டு ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் வந்துவிடும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள் சீமைக்கருவேல முள்ளை வெட்டி, சருகைக் கூட்டி, வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இறந்தவர்களை இத்தனை பிரியத்தோடு நினைக்கும் ஊர்கள் இவை.

ஆனாலும் பழைய கல்லறைகள் அதிகம் அழிவது அந்த ஒரு வாரத்தில்தான். மழையும் வேரும் நூறு வருஷமாகச் செய்யாததை ஒரு மேஸ்திரி அரை நாளில் செய்துவிடுகிறார். பாட்டனார் கல்லறை பாசி பிடித்துக் கிடக்கிறதே என்று மகன் வழிப் பேரன் வருத்தப்படுகிறார். மேலே சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, பளபளவென்று ஒரு கிரானைட் பலகை வைக்கிறார். புதுப் பலகையில் பெயரும் இரண்டு தேதியும் இருக்கும். பழைய கல்லில் தகப்பன் பெயர், பூர்வீக ஊர், பார்த்த வேலை எல்லாம் இருந்திருக்கும். அது டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது.

கட்டடத்துக்கும் இது நல்லதில்லை. அக்காலத்துக் கல்லறைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை மாவாக உதிர்க்கும். பத்து வருஷத்தில் பூச்சு வெடித்து விழும்போது பழைய காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரர் கல்லறைகளுக்கு இந்தக் கதி குறைவு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. 1838இல் இறந்த மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் இருக்கிறார். 1891இல் கொடைக்கானலில் காலமான கால்டுவெல், தான் கட்டிய இடையன்குடி ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறார். அவர்களைத் தேடிப் போக நூல் இருக்கிறது. அவர்களோடு ஊர் ஊராக நடந்த உபதேசியார்களுக்கும், ஆலயத்துக்குக் கல் சுமந்த பனையேறிகளுக்கும், பள்ளிக்கூடம் நடத்திய பெண்களுக்கும் அப்படி ஒரு பட்டியலை யாரும் போடவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளான நாம்தான் போட வேண்டும்.

அதற்குக் கல் மட்டும் போதாது. கல் வைக்க வசதியில்லாத குடும்பங்களே அதிகம். மரச் சிலுவை நட்டார்கள், அது கரையான் தின்று போனது. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது கோயிலில் உள்ள அடக்கப் பதிவேட்டின் ஒரு வரி. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் தகப்பன் பெயர் இருக்கும், பெரும்பாலும் ஊரும் தொழிலும்கூட இருக்கும். இந்தியக் கிறிஸ்தவர்களின் திருமணங்களுக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே பதிவேடு உண்டு. கல்லையும் இந்த மூன்று ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து தலைமுறை வரைக்கும் போய்விடலாம்.

வழியில் சிக்கல்கள் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்துத்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே கல்லறைத் தோட்டத்தில் நாலு வேதமுத்து, மூன்று தேவசகாயம் படுத்திருப்பார்கள். ஞானஸ்நானத்தில் பெயரே மாறிவிடுவதும் உண்டு: 1799இல் முதலூர் உருவாகக் காரணமான தாவீது சுந்தரானந்தம் அதற்கு முன் சின்னமுத்து. ஆகவே பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றாக வரும் பதிவைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தைய கதை, மதம் மாறாத பங்காளிகள் இன்றும் கும்பிடும் குலதெய்வக் கோயிலில் தொடரும்.

ஆண்டுக் கணக்கும் குழப்பும். நெல்லைச் சீமைப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பெரும் பஞ்சத்தின் தாதுவா, அடுத்த தாதுவா என்பதைப் பக்கத்துக் கல்லறைகளின் தேதிகளை வைத்துத்தான் தீர்க்க முடியும். தனிக் கல்லறையாகப் பார்க்காமல் வரிசையாகப் படம் எடுக்க வேண்டியது இதனால்தான்.

தேடி வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டுமில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் 1850களில் தொடங்கிய தமிழ் மிஷனுக்கு உபதேசியார்கள் நெல்லைச் சபைகளிலிருந்தே போனார்கள். அவர்கள் சந்ததியார் ஊரைக் கேட்டு வரும்போது காட்டுவதற்கு நம்மிடம் கல்லும் ஏடும் இருக்க வேண்டும்.

வேரைத் தேடுவது சாதிப் பெருமை பேசுவதற்கான வழியாகிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சாதிச் சுவர் நாடறிந்தது. பட்டியல் போடுகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் எழுதினால்தான் அது ஊரின் பட்டியல்.

கல்லில் எழுத்துத் தேய்ந்திருந்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். சுத்தமான தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது, அல்லது ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால், காலையில் தெரியாத எழுத்து தெரியும். கல்லறை வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும்; அடியோடு அறுத்து விடுங்கள், துளிர்க்கத் துளிர்க்க அறுங்கள்.

இந்த நவம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கும் முன் போனில் படம் எடுங்கள். உங்கள் கல்லறையோடு, பார்க்க ஆளில்லாத பக்கத்துக் கல்லறையையும் எடுங்கள். எழுத்தை ஒரு நோட்டில் உள்ளது உள்ளபடியே எழுதி, ஒரு பிரதியைச் சேகரகுருவிடமும் இன்னொன்றை ஊர்ப் பள்ளியிலும் கொடுத்துவிட்டு வாருங்கள். புதுப் பலகை வைத்தே ஆக வேண்டுமென்றால் தலைமாட்டில் தனியாக வையுங்கள். பழைய கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.